ஆட்கள்: இரண்டு

காலை எட்டு மணிக்கு கோகிலவாணியின் மேசையில் ஒரு கண்ணைக் கொண்டுவந்து வைத்தார்கள்.

உரித்த தேங்காய் அளவுக்கு ஓர் எஃகுப் பெட்டி. முன்பக்கம் தடித்த கண்ணாடி. கரிசப்பாளையம் நகராட்சியின் சாக்கடைகளை ஒன்பது வருடமாகச் சுத்தம் செய்துவரும் எந்திரத்தின் கண் அது. ஆறு காலும் இரண்டு கையுமாகக் குழாய்க்குள் ஊர்ந்து போவதால் அந்த எந்திரத்துக்கு ஊரில் நண்டு என்று பெயர். மனிதர் யாரும் சாக்கடைக்குள் இறங்கக் கூடாது என்று கடுமையான சட்டம் வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் பிறகு ஊருக்கு ஊர் நண்டுகள் வந்தன.

"அஞ்சு மணிக்கே நின்னு போச்சுங்க மேடம். கோட்டைமேட்டு மெயின் லைன்ல அடைப்பு. முப்பது வீட்டுக்குள்ள தண்ணி ஏறிருச்சு. சாயங்காலம் கனமழைன்னு வேற சொல்றாங்க" என்றான் திருமூர்த்தி. நகராட்சியின் ஒப்பந்தக்காரரிடம் மேற்பார்வையாளன். இரண்டு கைபேசிகள் வைத்திருந்தான், இரண்டும் மாறி மாறி அதிர்ந்தன. அவனுக்குப் பின்னால் வாசல்படிக்கு வெளியே நின்றவர் மாதேசு, நண்டை இயக்குபவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். உள்ளே வரச் சொன்ன பிறகும் படியில்தான் நின்றார்.

கோகிலவாணி பெட்டியைத் திறந்தாள். ரப்பர் வளையம் விட்டுப்போய் உள்ளே நீர் கசிந்திருந்தது. போர்டின் நடுவில் இருந்த சிப் கருகிவிட்டது. அந்தப் போர்டை அவளுக்கு நன்றாகத் தெரியும். தெளிநீர் ரோபாட்டிக்ஸ் என்ற கம்பெனியில் அதை வடிவமைத்த ஐந்து பேரில் அவள் ஒருத்தி. கம்பெனி மூடி நாலு வருடமாகிறது. இப்போது நண்டுகளுக்கு வைத்தியம் பார்க்க இந்தப் பக்கத்தில் அவளை விட்டால் ஆளில்லை.

"எப்ப வேணும்?"

"ரெண்டு மணிக்குள்ள ஓடணுங்க. இல்லாட்டி வேற ஏற்பாடுதான் பண்ணணும்."

என்ன ஏற்பாடு என்று அவள் கேட்கவில்லை. மாதேசு தரையைப் பார்த்தார்.

பழைய சிப் இப்போது உற்பத்தியில் இல்லை. அவளிடம் இருந்தது புது வகைப் போர்டு, அதே இணைப்புக் கால்கள், கொஞ்சம் சிறிய சிப். கம்பெனி காலத்தில் முன்கூட்டியே தயாரித்துக் கொடுத்த டிசைன் ஃபைல் அவளுடைய ஹார்டு டிஸ்கில் பத்திரமாக இருந்தது. அதை ஏற்றிப் பார்த்தாள். சிப் ஏற்கவில்லை.

"பைல் இருக்குதுன்னீங்க?" என்றான் திருமூர்த்தி.

"இருக்கு. ஆனா இது வேற சிப். இந்த சிப் வெறும் மனை மாதிரிங்க. ஃபைலை ஏத்துனாத்தான் உள்ள வீடு எழும்பும். அந்த வீடுதான் பாக்குற வேலையைச் செய்யும். எந்த மனைக்கு அளவெடுத்து பிளான் போட்டாங்களோ அந்த மனையிலதான் அது நிக்கும். புது மனைக்கு மறுபடியும் முதல்லேர்ந்து பிளான் போடணும்."

"போடுங்க."

"அதுக்கு சோர்ஸ் வேணும், நாங்க எழுதுன மூல வரிகள். அது என்கிட்ட இல்ல."

மெல்போர்னில் இருக்கும் டென்சிங்கை அழைத்தாள். கம்பெனியில் பக்கத்து மேசைக்காரன், நாகர்கோவில் ஆள். கம்பெனியின் சர்வரை அணைத்த அன்று கடைசியாக அறையை விட்டு வந்தவன் அவன்தான்.

"சோர்ஸ் எல்லாம் எங்கிட்ட கிடக்கு கோகி. ஆனா சட்டப்படி நான் வச்சிருக்கப்பிடாது, உனக்குக் குடுக்கவும் பிடாது. கம்பெனியை வாங்கினவன் இன்னும் இருக்கான்."

"ஊருக்குள்ள சாக்கடை ஏறிட்டிருக்கு டென்சிங்."

அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "லிங்க் அனுப்புகேன். என் பேரைச் சொல்லாத."

அது கணினியில் இறங்க முக்கால் மணி நேரம். பழைய பதிப்பு மென்பொருளைத் தேடி நிறுவ இன்னும் கொஞ்சம். பத்தேகாலுக்கு முதல் முயற்சி தோற்றது. மொத்த டிசைனுக்கு வேண்டிய இடம் நூற்றுப் பதினெட்டு சதவீதம். இருப்பது நூறு.

"ஏதாவது ஒரு பகுதியை எடுத்தாகணும்" என்றாள். திரையில் பெரிய பகுதிகள் நாலு இருந்தன. கலங்கலை விலக்கிப் படத்தைத் தெளிவாக்குவது ஒன்று. அடைப்பைக் கண்டு கைக்குத் தூரம் சொல்வது ஒன்று. மேலே நகராட்சி அலுவலகத்துக்கு வீடியோ அனுப்புவது ஒன்று. கடைசியாக ஒன்று, அதற்குக் கம்பெனியில் ஆள்நிறுத்தி என்று பெயர். எதிரே மனிதர் தெரிந்தால் எத்தனை பேர் என்று எண்ணும். கடைசி ஆள் வெளியேறும்வரை நண்டின் கைகளை அசையவிடாது.

"முதல் ரெண்டையும் எடுத்தா நண்டுக்குக் கண் தெரியாது" என்றாள்.

"வீடியோவை எடுக்காதீங்க. வீடியோ இல்லாத வேலையை வேலைன்னே எழுதமாட்டாங்க" என்றான் திருமூர்த்தி. "அந்த நாலாவது எதுக்குங்க? ஆளே இறங்கறதில்ல. இல்லாத ஆளைப் பாக்குறதுக்கு ஒரு கண்ணா?"

அவள் மாதேசுவைப் பார்த்தாள். "அண்ணா, உள்ள யாராவது இறங்குறாங்களா?"

"மாதேசு, சொல்லு" என்றான் திருமூர்த்தி.

"இல்லீங்க அம்மணி."

ஆள்நிறுத்தியை எடுத்துவிட்டு, புது ஃபைலைத் தயாரிக்கும் பில்டை ஓடவிட்டாள். இரண்டு மணி நேரம் ஆகும். திருமூர்த்தி கைபேசியில் யாரிடமோ கெஞ்சிக்கொண்டே ஜீப்பில் ஏறிப் போனான். மாதேசு காத்திருந்தார்.

சும்மா இருக்கும் நேரத்தில் பெட்டியின் வளையத்தை மாற்றலாம் என்று கையில் எடுத்தாள். பின்பக்கம் நாலு திருகாணிகள் போகும் துளைகள். அவற்றில் சேறு ஈரமாக இருந்தது. ஒரு துளையின் ஓரத்தில் எஃகு புதிதாகக் கீறியிருந்தது, ஸ்பானர் வழுக்கியதைப்போல.

"நண்டு எங்கண்ணா இருக்கு? மேல தூக்கியாச்சா?"

"இல்லீங்க. உள்ளதான் மாட்டிட்டு நிக்குது. நாப்பதடி உள்ள."

"அப்ப இந்தப் பொட்டியைக் கழட்டுனது யாரு?"

மாதேசு படியிலிருந்து திரையைப் பார்த்தார். பில்ட் நாற்பத்தொரு சதவீதத்தில் இருந்தது.

"அண்ணா."

"நாந்தானுங்க" என்றார். "மெசினு மாட்டிக்கிச்சுன்னா வேற யாருங்க எடுப்பா? கால்ல துணி சுத்திக்கும், கையில கம்பி சிக்கிக்கும். மாசத்துல நாலு தடவ, அஞ்சு தடவ. போயி விடுவிச்சுட்டு வந்தா அதுபாட்டுக்கு ஓடுமுங்க."

"ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"சொன்னா மெசினை நிறுத்திப்போடுவாங்க அம்மணி. சட்டம் மீறினாங்கன்னு கேஸ் போடுவாங்க. அப்பறம் மெசினும் இருக்காது. நாங்க மாசத்துக்கு நாலு தடவ எறங்கறது போயி, தெனமும் நாலு தடவ எறங்கோணும்."

அவள் பெட்டியை மேசையில் வைத்தாள். "இதைத் திரும்ப மாட்டறதும் நீங்கதான்."

"ஆமாங்க."

"மேல கரண்டை நிறுத்திட்டு மாட்டுவீங்களா?"

"நிறுத்த முடியாதுங்க. கரண்டு போச்சுன்னா கால் புடியை விட்டுரும். அத்தனை எடையும் நம்ம மேல வந்துரும். கரண்டு இருக்கறப்பவேதான் மாட்டறது. மாட்டுனதும் முழிச்சிக்கும், கண்ணு ஒரு சுத்து சுத்தும், நாம வெளிய வர்ற வரைக்கும் கையக் கட்டிட்டு நிக்கும். ரொம்ப மரியாதையான மெசினுங்க."

மரியாதை. திரையில் ஓடிக்கொண்டிருந்த பில்டில் அந்த மரியாதை இல்லை. விழித்ததும் இரண்டு கைகளையும் அகல விரித்து ஒருமுறை சுழற்றிச் சோதித்துக்கொள்ளும் நண்டு அது. நாலடிக் குழாய்க்குள் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவே தேவையில்லை. இன்று மதியம் அந்த ஆள் இவர்தான்.

அவள் பில்டை நிறுத்தினாள்.

வீடியோ பகுதியை எடுக்க அதன் மூல வரிகளைத் திறந்தபோது இன்னொன்று தெரிந்தது. ஆளைக் கண்டால் கை நிற்கும். கை நின்றால் வீடியோவும் நிற்கும். வேலை நடக்காத நேரத்துக் காட்சியை எதற்கு அனுப்புவது என்று சிக்கனமாக ஒரு வரி. ஒன்பது வருடமாக நகராட்சி அலுவலகத்துப் பெரிய திரையில் ஒரு மனிதர்கூடத் தெரியாமல் போனது அந்த வரியால்தான். எழுதியவர் பெயரும் தேதியும் பக்கத்திலேயே இருந்தன. பெயர் அவளுடையது.

வீடியோவை நீக்கி, ஆள்நிறுத்தியை மறுபடி சேர்த்து, பில்டைத் தொடங்கினாள். மணி பதினொன்றே முக்கால்.

பன்னிரண்டரைக்குத் திருமூர்த்தி அழைத்தான். நேரமாகும் என்றாள். வீடியோ இருக்காது என்றாள்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"காலையில பொட்டியைக் கழட்டுனவரைக் கேட்டு."

"ஒன்னே முக்கால் வரைக்கும்தான் பாப்பேன் மேடம். சேர்மன் வீட்டுத் தெருவுக்குள்ள தண்ணி வந்தாச்சு" என்று வைத்துவிட்டான்.

ஒன்று ஐம்பத்திரண்டுக்கு பில்ட் முடிந்தது. இடம் போதுமாக இருந்தது. ஆனால் கடைசியில் சிவப்பில் ஓர் எச்சரிக்கை: ஐம்பத்தேழு பாதைகளில் நேரம் போதவில்லை.

"என்னங்க அது செவப்பா?" என்றார் மாதேசு.

"ஒரு கணக்கு முடியறதுக்குள்ள அடுத்தது வந்து நிக்கும்ணா. பெரும்பாலும் சரியாத்தான் வரும். எங்கேயாவது ஒன்னு ரெண்டு அரைகுறையா நிக்கலாம்."

"சரி பண்ண முடியாதுங்களா?"

"முடியும். இன்னும் நாலு மணி நேரம் வேணும்."

மாதேசு வெளியே வானத்தைப் பார்த்தார். மேற்கே மேகம் திரண்டிருந்தது. புது போர்டில் ஃபைலை ஏற்றி, தன் முகத்தையும் மாதேசுவையும் காட்டிப் பார்த்தாள். ஆட்கள்: 2 என்றது. நகர்ந்து பார்த்தார்கள், சரியாகச் சொன்னது. பத்துமுறை பார்த்தார்கள், பத்துமுறையும் சரி.

"போலாமுங்க" என்றார் அவர்.

கோட்டைமேட்டில் தெரு முழங்கால் நீரில் நின்றது. அடைப்பைத் தாண்டி, தண்ணீர் ஏறாத இடத்தில் சாக்கடைக்குள் இறங்கும் ஆள்நுழைவாய் ஓரம் திருமூர்த்தி குடையோடு நின்றிருந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் "சீக்கிரம்" என்றான். மாதேசு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, பெட்டியைத் துணியில் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டு இறங்கினார். முகமூடி ஒன்று இருந்தது, பழையது. நண்டின் கேபிளோடு ஒரு சோதனை வயரைச் சேர்த்து கோகிலவாணி தன் மடிக்கணினியில் மாட்டியிருந்தாள். வீடியோ இல்லாவிட்டாலும் கண் பார்ப்பதைத் துண்டு துண்டாக அவளால் பார்க்க முடியும்.

நாற்பதடிக் கிளைக்குழாய் வழியே போய், அது மெயின் லைனில் சேரும் இடத்தில் நின்ற நண்டை அடைய அவருக்கு ஏழு நிமிடம் ஆனது. கயிறு இரண்டுமுறை இழுபட்டது. மாட்டப்போகிறார் என்று அர்த்தம்.

திரை விழித்தது. சாம்பல் நிறத்தில் அடைப்பு தெரிந்தது. பிறகு மாதேசுவின் முகமூடி, கண்ணுக்கு மிக அருகே. அவரைச் சுற்றி ஒரு கட்டம் விழுந்தது. ஆட்கள்: 1. கைகள் அசையவில்லை.

கண் தன் வழக்கப்படி ஒரு சுற்றுச் சுற்றியது. அடைப்பின் பக்கம், குழாயின் சுவர், பிறகு பின்புறம், தண்ணீர் வடிந்துபோகும் திசை. அங்கே இருட்டில், அடுத்த ஆள்நுழைவாய்க்குப் போகும் வழியில், இன்னொரு கட்டம் விழுந்தது.

ஆட்கள்: 2.

"தப்பு காட்டுது" என்றான் திருமூர்த்தி, தோளுக்குப் பின்னாலிருந்து. மிக வேகமாகச் சொன்னான். "மேடம், உங்க பைல் தப்பு. அவன் வெளிய வந்ததும் கையை ஓட்டுங்க."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "யாரை இறக்குனீங்க?"

"நான் யாரையும்…"

"எந்தக் குழியில?"

அவன் குடையை மடக்கினான். "மூலை திரும்புனா அடுத்த குழி. வெளியூர் வேன் ஒன்னு. ஆள் அனுப்புய்யான்னு வேன்காரன்கிட்ட சொன்னேன். ரெண்டு மணிக்கு. அவன் எத்தனை பேரை எறக்குனான், எப்ப எறக்குனான், எனக்குத் தெரியாதுங்க. போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கறான்."

அவள் குழியின் விளிம்பில் மண்டியிட்டுக் கத்தினாள். "அண்ணா, உங்களுக்குப் பின்னால ஒரு ஆளு. இருபதடி. விழுந்து கிடக்காரு."

திரையில் மாதேசுவின் கட்டம் மெல்ல நகர்ந்தது. நண்டு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது. மாதேசு போகப் போக அவர் கட்டமும் படுத்துக்கிடந்தவரின் கட்டமும் நெருங்கி ஒன்றோடொன்று ஒட்டின. கயிற்றைப் பிடிக்கத் தெருக்காரர்கள் நாலு பேர் வந்தார்கள். இழுவையில் கயிறு கைகளை அறுத்தது.

நண்டின் அருகே வந்ததும் மாதேசு நின்றார். முகமூடியைத் தூக்கிவிட்டுக் கேட்டார். குரல் குழாயில் முட்டி மோதி வந்தது.

"அம்மணி, இன்னும் யாராச்சும் இருக்காங்களா? எனக்கு ஒன்னும் தெரியலீங்க. கண்ணெல்லாம் எரியுது."

அவள் திரையைப் பார்த்தாள். கண் அப்போதுதான் இன்னொரு சுற்றை முடித்திருந்தது. ஆட்கள்: 2.

"இல்லண்ணா. நீங்க ரெண்டு பேருதான். மேல வாங்க."

வெளியே வந்த இளைஞனுக்கு இருபத்துநாலு வயதுதான் இருக்கும். மூச்சு இருந்தது. ஆட்டோவில் ஏற்றினார்கள். மாதேசு நடைபாதையில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். திரையில் எண் பூஜ்யத்துக்கு வந்தது. நண்டு கைகளை விரித்துச் சோதித்துக்கொண்டு வேலையைத் தொடங்கியது. நாலு மணிக்கு அடைப்பு உடைந்தது. தேங்கி நின்ற அத்தனை தண்ணீரும் பெரும் இரைச்சலோடு குழாய்க்குள் பாய்ந்து போவது தெருவரை கேட்டது. யாரோ டீ கொண்டுவந்து கொடுத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் அந்த இளைஞனுக்கு நினைவு திரும்பவில்லை. விசாரணை என்று அறிவித்தார்கள். அவனை யாரும் குழிக்குள் இறக்கிவிடவில்லை, கால் தவறி விழுந்தான் என்று ஒப்பந்தக்காரர் தரப்பு சொன்னது. கேமரா எண்ணைக் காட்டியதென்றால், சான்றிதழ் இல்லாத ஃபைல், எச்சரிக்கையோடு தயாரான ஃபைல், அதை எப்படி நம்புவது என்றும் கேட்டது. ஆகவே கோகிலவாணி மறுபடி பில்ட் செய்தாள். இந்தமுறை அவசரமில்லை. ஒவ்வொரு பாதையாகச் சரிசெய்து, சிவப்பே இல்லாமல் முடிக்க ஏழு நாள் ஆயிற்று. அன்றைக்குச் சோதனை வயரில் வந்து அவள் மடிக்கணினியில் பதிவாகியிருந்த படங்களை அதற்குக் காட்டினாள். எண் சரிதான் என்று நிரூபிப்பது அவள் நோக்கம்.

மாதேசு குனிந்து அந்த இளைஞனின் தோளைத் தூக்கும் படம். இரண்டு கட்டங்கள். அவர்களுக்கு அப்பால், குழாய் வளையும் இடத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு முதுகைப்போலத் தெரிந்த சாம்பல் திட்டைச் சுற்றி இன்னொரு கட்டம்.

ஆட்கள்: 3.

அடுத்த படத்திலும் மூன்று. அதற்கடுத்ததிலும். பதினோரு நிமிடப் படங்களிலும் அந்தக் கட்டம் அதே இடத்தில் இருந்தது.

அவள் அப்போதே விசாரணை அலுவலகத்துக்குப் போனாள். மறுநாள் அடுத்தடுத்த ஆள்நுழைவாய்களைத் திறந்து தேடி, நாலாவதுக்குக் கீழே அவனை எடுத்தார்கள். பெயர் அய்யனார். சங்கராபுரம் பக்கம் ஊர். விழுந்தவனைத் தூக்கப் போன துணைக்காரன். விஷவாயு தாக்கி உள்ளே போன சில நிமிடங்களிலேயே இறந்திருப்பான் என்று மருத்துவர் எழுதினார். ஓடிப் போய்விட்டான் என்று நினைத்ததாக வேன்காரன் சொன்னான். ஒன்பது நாளாக அவனை யாரும் தேடவில்லை.

விசாரணை அறையில் அவள் இரண்டு பில்டுகளின் அறிக்கைகளையும் மேசையில் வைத்தாள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்த வரியையும் அச்செடுத்து வைத்தாள்.

"இந்த எச்சரிக்கையை அன்னிக்கே பாத்தீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"பாத்தேன் சார்."

"பாத்துட்டுமா கொண்டுபோனீங்க?"

"ஆமா."

எழுத்தர் அதை எழுதிக்கொண்டார். நண்டு இருந்தும் மாதம் நாலுமுறை தான் இறங்கியதை மாதேசு தன் முறை வந்தபோது சொன்னார். தேதிகளையும் நினைவிலிருந்து சொன்னார். சொல்லி முடிக்க அரைமணி நேரத்துக்கு மேலாயிற்று. திருமூர்த்தி ஒரு வார்த்தையும் மறுக்கவில்லை.

வெளியே தாழ்வார பெஞ்சில் கையெழுத்துக்காகக் காத்திருந்தாள் கோகிலவாணி. பக்கத்தில் ஓர் அம்மாள் மடியில் பையை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பைக்குள்ளிருந்து ஒரு கைபேசி எட்டிப் பார்த்தது. அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

"நீங்களும் எம் புள்ள அய்யனாரு விஷயமாத்தான் வந்திருக்கீங்களாம்மா?"

"ஆமாங்கம்மா."

"அன்னிக்கு அவ்ளோ பேரு சுத்தி நின்னாங்களாமே. வெளிய வந்தது எத்தினி பேரு, உள்ள இன்னும் எத்தினி பேருன்னு ஒருத்தருமா எண்ணிப் பாக்கல?"

உள்ளே எழுத்தர் அவள் பெயரைக் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

"எண்ணினாங்கம்மா" என்றாள். "நான்தான் எண்ணினேன்."